வாப்பாவின் வண்டியை விற்கும்போது

 

தக்கலை, திருவிதாங்கோடு, இடலாக்குடி, குளச்சல், தேங்காப்பட்டணம் என்று நம் குமரி மாவட்டத்தில் முஸ்லிம்கள் கூடி வாழும் ஊர்களின் தெருக்களில் நடந்தால் ஒரு காட்சி அடிக்கடி கண்ணில் படும். அரபு நாட்டுச் சம்பாத்தியத்தில் எழுந்த ஒரு வீடு. பக்கவாட்டில் தகரக் கூரை வேய்ந்த ஒரு ஷெட். உள்ளே தார்ப்பாய் போர்த்திய ஒரு வண்டி. நான்கு டயர்களும் காற்றிழந்து தரையோடு படிந்திருக்கும். அம்பாசிடராகவோ ஃபியட்டாகவோ இருக்கும். பெரிய குடும்பமென்றால் மெட்டடார் வேனாக இருக்கும். தார்ப்பாயின் மேல் தென்னமட்டை அடுக்கியிருப்பார்கள். பின் இருக்கையில் கோழி அடை கிடக்கும். யாருடைய வண்டி என்று கேட்டால், "வாப்பாவுடையது" என்று பதில் வரும். வாப்பா மவுத்தாகிப் பத்து ஆண்டுகள் கடந்திருக்கும்.

அந்த மெட்டடாரைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பூனாவின் பஜாஜ் டெம்போ நிறுவனம் (இன்று அதன் பெயர் ஃபோர்ஸ் மோட்டார்ஸ்) செய்து விற்ற அந்த டீசல் வேன், கூட்டுக் குடும்பங்களுக்கென்றே பிறந்த வண்டி எனலாம். விடுமுறையில் வந்த வாப்பா, நாகூருக்கும் ஏர்வாடிக்கும் ஊட்டிக்கும் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு புறப்படுவார். வயதான பெரியும்மா படுத்து வருவதற்காக நடு இருக்கைகளைக் கழற்றிப் பலகை அடித்திருப்பார். பின்புறம் தண்ணீர் டிரம், ஸ்டவ், சோற்றுச் செம்பு, கைப்பிள்ளைக்குத் தொட்டில் கட்டக் கூரையில் ஒரு கொக்கி. மேல்நாட்டினர் தொழிற்சாலையில் கட்டி வாங்கும் 'வீட்டு வண்டி'யை நம்மவர்கள் ஆசாரியைக் கொண்டே செய்துகொண்டார்கள். 1982-இல் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கிய என்.டி. ராமாராவ், ஒரு பழைய செவர்லே வேனை மாற்றியமைத்து, 'சைதன்ய ரதம்' என்று பெயரிட்டு, அதையே வீடாகவும் மேடையாகவும் ஆக்கிக்கொண்டு ஆந்திரம் முழுவதும் சுற்றியது பலருக்கு நினைவிருக்கும். நம் அண்டை மாநிலமான கேரளம் 2021-இல் இத்தகைய வண்டிகளுக்கெனத் தனிச் சுற்றுலாக் கொள்கையையே அறிவித்தது. 'கேரவன்' என்று இன்று ஆங்கில வாடையோடு நாம் உச்சரிக்கும் சொல், பாரசீகத்தின் 'கார்வான்' தான். ஒட்டக வணிகக் கூட்டத்துக்கு வழங்கிய பெயர். அந்தக் கூட்டங்களைப் பற்றி நம் மார்க்கம் விதித்த ஒரு சட்டம் பின்னர் நமக்குத் தேவைப்படும்.

இத்தகைய வண்டிகளை ஏன் விற்காமல் வைத்திருக்கிறார்கள்? பாசம் ஒரு காரணம். மற்றொரு காரணம் வெட்கம். வீட்டுப் பொருளை விற்பது குடும்பம் தாழ்ந்ததன் அடையாளம் என்ற எண்ணம் நம்மவர்களிடம் ஆழமாக வேரூன்றியுள்ளது. தேங்காப்பட்டணத்தில் பிறந்த எழுத்தாளர் தோப்பில் முஹம்மது மீரான், பழம்பெருமை பேசும் ஒரு குடும்பத் தலைவர் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்பதை வைத்தே 'சாய்வு நாற்காலி' நாவலை எழுதி, 1997-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அந்த அச்சத்தால்தான் பல வீடுகளில் வண்டி, விற்கத்தக்க விலை இருக்கும் வரை ஷெட்டில் நின்று, விலை போனபின் வெளியே வருகிறது.

அப்படி விற்க வரும்போது பெரும்பாலும் நடப்பது என்ன? மூத்த மகன் ஒரு தரகரை அழைத்து வருகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரம் முடிகிறது. பணம் கைமாறுகிறது. ஆர்.சி. புத்தகம் வாப்பாவின் பெயரிலேயே போய்விடுகிறது. இந்த ஒரு மணி நேர வியாபாரத்தில் எத்தனை பேருடைய ஹக்கு அடங்கியிருக்கிறது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

யாருடைய வண்டி?

மதரஸாவில் என்னிடம் ஓதும் ஒரு சிறுமியின் தாயார் ஒருநாள் வாசலில் நின்று, தயங்கித் தயங்கி ஒரு மஸ்அலா கேட்டார். "வாப்பாவின் வேனைக் காக்கா விற்றுவிட்டார். எங்கள் இரண்டு பெண்களிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழைய இரும்புதானே என்று உம்மாவும் இருந்துவிட்டார்கள். அதில் எங்களுக்குப் பங்கு உண்டா ஹஸ்ரத்? கேட்டால் காக்கா முறித்துக்கொள்வாரோ என்று பயமாக இருக்கிறது."

பங்கு உண்டு. அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஒருவர் மவுத்தான அந்த நொடியிலேயே அவர் விட்டுச்சென்ற ஒவ்வொரு பொருளும், நிலமோ நகையோ தையல் இயந்திரமோ துருப்பிடித்த வண்டியோ, வாரிசுகள் அனைவருக்கும் உரியதாகிவிடுகிறது. குறைவானதாயினும் அதிகமானதாயினும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் அதில் பாகமுண்டு என்பது அந்நிஸா அத்தியாயத்தின் கட்டளையாகும். பழைய இரும்பு என்ற காரணத்தால் பாகம் இல்லாமற்போவதில்லை. வீடு, தோப்பு என்றால் முத்திரைத்தாள் எழுதிப் பங்கு வைக்கும் நாம், வண்டி, கட்டில், பாத்திரம் என்று வரும்போது மட்டும் கையில் இருப்பவருக்கே சொந்தம் என்று விட்டுவிடுகிறோம்.

கணக்கு எப்படி வரும் என்பதையும் பார்த்துவிடுவோம். இறந்தவருக்கு மனைவியும், இரண்டு ஆண்மக்களும், இரண்டு பெண்மக்களும் இருக்கிறார்கள். பெற்றோர் முன்பே காலமாகிவிட்டனர். கடனும் வஸிய்யத்தும் தீர்க்கப்பட்டுவிட்டன. வண்டி 48,000 ரூபாய்க்கு விலைபோகிறது என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒரு பாகம், அதாவது 6,000. எஞ்சிய 42,000 ரூபாயை ஆறு பங்காக்கினால் ஒரு பங்கு 7,000. ஆண்மக்களுக்கு ஆளுக்கு இரண்டு பங்கு, 14,000. பெண்மக்களுக்கு ஆளுக்கு 7,000. மனமொப்பி ஒரு சகோதரி தன் 7,000 ரூபாயை விட்டுக்கொடுத்தால் அது அவளுடைய பெருந்தன்மை. ஆனால் தொகையைச் சொல்லி, கையில் வாங்கும் உரிமையையும் கொடுத்த பின்னரே விட்டுக்கொடுத்தல் என்ற பேச்சு வரும். கேட்கப்படாமலே விட்டுக்கொடுத்ததாக எண்ணிக்கொள்வது விட்டுக்கொடுத்தல் ஆகாது.

வண்டியைப் பாதுகாக்கத் தாம் செலவு செய்ததாக மூத்தவர் சொல்வதுண்டு. மற்ற வாரிசுகளின் சம்மதத்தோடு செலவிட்டதானால் அதை முதலில் கழித்துக்கொள்ளலாம். யாரையும் கேட்காமல் தாமாகச் செலவிட்டதை உபகாரமாகவே ஃபிக்ஹு நூல்கள் கருதுகின்றன. வாரிசுகளில் வயதுவராத பிள்ளை இருந்தால், அப்பிள்ளையின் பாகத்தைச் சந்தை விலைக்குக் குறைத்து விற்கப் பொறுப்பாளருக்கு உரிமையில்லை. இடையே ஒரு கேள்விக்கும் விடை சொல்லிவிடுகிறேன். ஷெட்டில் நின்ற ஆண்டுகளுக்கு அந்த வண்டிக்கு ஜகாத் கடமையில்லை. வியாபாரத்துக்கென வாங்கிய பண்டமல்ல அது.

அரசாங்கச் சட்டமும் இங்கே வாரிசுகளின் பக்கம்தான் நிற்கிறது. உரிமையாளர் இறந்த 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் படிவம் 31 வாயிலாக வாரிசின் பெயருக்கு மாற்றக் கோர வேண்டும் என்பது விதி. வாரிசுச் சான்றிதழையும் மற்ற வாரிசுகளின் சம்மதத்தையும் அலுவலகம் கேட்கும். நாகர்கோவில் அலுவலகமானாலும் மார்த்தாண்டம் அலுவலகமானாலும் முறை ஒன்றே. இறந்தவரின் பெயரில் இருக்கும் வண்டியை அவருடைய கையெழுத்தைப் போட்டு விற்கிறவர்களும் உண்டு. அது பொய்க் கையொப்பம். வாப்பா மவுத்தான தேதிக்குப் பிறகு வாப்பாவின் கையெழுத்து எப்படி வரும்? தாமதமானதற்குரிய அபராதத்தைக் கட்டிவிட்டு, முதலில் ஒரு வாரிசின் பெயருக்கு மாற்றி, அதன்பின் விற்பதே நேர்வழி. பெயர் ஒருவருடையதாக இருக்கலாம். தொகை அனைவருடையது என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நின்ற வண்டி என்ன ஆகிறது?

ஓடாத வண்டி கெடாது என்று நம் பெண்கள் நம்புகிறார்கள். உண்மை நேர்மாறானது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மாவட்டம் நம்முடையது. கடலோர ஊர்களில் உப்புக் காற்று வேறு. தார்ப்பாய் மழையைத் தடுக்கும். ஈரத்தை உள்ளேயே அடைத்தும் வைக்கும். அம்பாசிடர், ஃபியட் போன்ற பழைய கார்களில் துரு முதலில் பிடிப்பது கண்ணுக்குத் தெரியாத அடித்தகட்டில். மேலே ரப்பர் விரிப்புப் போட்டிருப்பதால் யாரும் பார்ப்பதில்லை. விரிப்பைத் தூக்கிக் கட்டைவிரலால் அழுத்தினால் விரல் உள்ளே போகும்.

டாங்கியில் நின்ற பெட்ரோல் காலப்போக்கில் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும். இப்போது விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். பழைய வண்டியின் ரப்பர் குழாய்களை அரிக்கும். ஆகவே பழைய டாங்கியில் புதிய பெட்ரோலை ஊற்றி உடனே ஓட்டிப்பார்ப்பது ஆபத்து. இன்ஜினுக்குள் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். அவசரப்பட்டு பேட்டரி வைத்துச் சாவியைத் திருப்பினால், மீட்கக்கூடிய இன்ஜினும் முறிந்துபோகும். விவரமறிந்த மெக்கானிக் முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, துளைகளில் சிறிது எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவைத்து, பிறகு கையால் மெல்லச் சுழற்றிப் பார்ப்பார்.

எல்லாவற்றிலும் அஞ்ச வேண்டியது பிரேக். பிரேக் ஆயிலுக்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. பல்லாண்டு நின்ற வண்டியில் மாஸ்டர் சிலிண்டரும் வீல் சிலிண்டர்களும் உள்ளே துருவேறி, அவற்றின் ரப்பர் வளையங்கள் இறுகிப்போயிருக்கும். முற்றத்தில் நான்கடி நகர்த்தும்போது பிரேக் பிடிக்கும். ஆரல்வாய்மொழிச் சாலையில் லாரிக்கு முன்னால் பிடிக்காது. டயரும் அப்படியே. பட்டன் தேயாமல் புதிதுபோலத் தோன்றும். பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருக்கும். டயரின் பக்கத்தில் பொறித்த நான்கு இலக்கங்கள் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2208 என்றிருந்தால் 2008-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரம். எலி கடித்த ஒயர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவையும் நான் எழுதுவது உங்களை மெக்கானிக் ஆக்குவதற்காக அல்ல. இவை அனைத்தும் ஷரீஅத்தின் மொழியில் 'ஐபு', அதாவது குறை. விற்பவர் அறிந்த குறையை வாங்குபவரிடம் சொல்வது அவர்மீது கடமை.

ஒட்டகத்தின் பாதம்

மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்ட நாயகம் (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் பட்டதையும், மழையில் நனைந்த பகுதியை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று அவர்கள் கேட்டதையும் நாம் குத்பாக்களில் கேட்டிருக்கிறோம். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி அது. அதைவிட நம் விஷயத்துக்கு மிக நெருக்கமான நிகழ்ச்சி ஒன்று முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது.

வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்களின் வீட்டிலிருந்து ஒருவர் ஓர் ஒட்டகத்தை விலைபேசி வாங்கிக்கொண்டு புறப்படுகிறார். வாஸிலா (ரலி) அவர்கள் ஆடை தரையில் இழுபட விரைந்து வந்து, இதிலுள்ளதை உமக்கு விளக்கிச் சொன்னார்களா என்று கேட்கிறார்கள். கொழுத்து ஆரோக்கியமாகத்தானே இருக்கிறது என்கிறார் வாங்கியவர். இறைச்சிக்காக வாங்கினீரா, பிரயாணத்துக்காகவா என்று வாஸிலா (ரலி) வினவுகிறார்கள். ஹஜ்ஜுக்குப் போக என்கிறார் அவர். அப்படியானால் அதன் பாதத்தில் ஓட்டை இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். வியாபாரத்தைக் கெடுக்கிறீர்களே என்று விற்றவர் வருந்தியபோது, பொருளிலுள்ளதை விளக்காமல் விற்பது ஆகுமானதல்ல. அறிந்தவர் அதைச் சொல்லாதிருப்பதும் ஆகுமானதல்ல என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்களிடம் தாம் செவியுற்றதை எடுத்துரைக்கிறார்கள்.

வாசகர்களே, அந்தக் கேள்வியைக் கவனியுங்கள். இறைச்சிக்கா, பிரயாணத்துக்கா? பழைய வண்டிக்கும் இதே கேள்விதான். பழைய இரும்புக்காக வாங்குகிறவருக்கு அடித்தகட்டின் துரு ஒரு பொருட்டல்ல. பிள்ளைகுட்டிகளை ஏற்றிக்கொண்டு ஓட்டுவதற்காக வாங்குகிறவருக்கு அதுதான் எல்லாம். பாதத்தின் ஓட்டை ஒட்டகத்துக்கு. பிரேக்கின் துரு மனித உயிருக்கு. விற்பவர்தான் சொல்ல வேண்டும் என்பதுகூட இல்லை. அறிந்த தரகரும், பக்கத்தில் நிற்கும் அண்டைவீட்டாரும் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

"உள்ளபடியே பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் எதற்கும் நான் பொறுப்பல்ல" என்று ஒரு வாசகம் பழைய வண்டிச் சந்தையில் சர்வசாதாரணம். இதில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. எல்லாக் குறைகளிலிருந்தும் நீங்கியவனாக விற்கிறேன் என்ற நிபந்தனை ஹனஃபி மத்ஹபில் செல்லும். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, உயிருள்ள பிராணியில் விற்பவர் அறியாத உள்குறைக்கு மட்டுமே அந்நிபந்தனை பயன்தரும். வண்டி போன்ற உயிரற்ற பொருளில் பயன்தராது. குறை வெளிப்பட்டால் வாங்கியவர் திருப்பித்தரலாம். நம் மாவட்டத்தில் இரு மத்ஹபினரும் வாழ்கிறோம். எனினும், தெரிந்த குறையை அந்த வாசகத்தின் பின்னால் ஒளித்துவைப்பது மோசடி என்பதில் எந்த மத்ஹபிலும் இரண்டு கருத்தில்லை. பட்டி பூசிப் பெயின்ட் அடித்துத் துருவை மறைப்பதும், கிலோமீட்டர் கணக்கைத் திருப்பிவைப்பதும் அந்த வகையைச் சேர்ந்தவையே. (வண்டியைக் கழுவி, இருக்கையைத் துடைத்து, பார்வைக்கு நன்றாக வைப்பதில் குற்றமில்லை. அழுக்கு குறையல்ல.)

குறையைச் சொன்னால் விலை இறங்குமே என்பீர்கள். இறங்கும். உண்மை பேசித் தெளிவுபடுத்திக்கொண்ட இருவருக்கும் வியாபாரத்தில் பரக்கத் உண்டென்று புகாரியும் முஸ்லிமும் பதிவுசெய்துள்ள நபிமொழி, அந்த இறங்கிய விலையைப் பற்றியும்தான் பேசுகிறது.

ஏமாறுவது எப்போதும் வாங்குபவர் மட்டுமல்ல

இனி மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சில பழைய வண்டிகளுக்கு இன்று புதிய மதிப்பு பிறந்திருக்கிறது. அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் நின்றுபோனது. பம்பாயின் பிரீமியர் பத்மினி அதற்கும் முன்பே நின்றுவிட்டது. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளை பழைய கார்களுக்கென ஓர் அருங்காட்சியகமே நடத்துகிறது. ஆர்வலர்கள் ஊர் ஊராகத் தேடிவருகிறார்கள். அவர்களுக்கு முன்னால் தரகர் வந்துவிடுகிறார். விதவையான ஒரு தாய் தனியே இருக்கும் வீட்டில், "இதை எடுத்துப்போக நான்தான் வண்டிக்கூலி கொடுக்க வேண்டும் உம்மா" என்று பேசி, காயலான் கடை விலைக்கு முடித்துவிடுகிறார்.

முன்னே சொன்ன கார்வானின் சட்டம் இங்கேதான் பொருந்துகிறது. சரக்கோடு வரும் கூட்டத்தாரை ஊருக்கு வெளியே எதிர்கொண்டு, சந்தை விலையை அவர்கள் அறியுமுன்பே வாங்கிவிடுவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி விற்றவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்தால், வியாபாரத்தை முறிக்கும் உரிமை அவருக்கு உண்டென்று முஸ்லிமில் காண்கிறோம். விற்பவரின் அறியாமையும் பாதுகாக்கப்பட வேண்டியதே. ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்கு 300 திர்ஹத்துக்கு ஒரு குதிரை பேசி முடிக்கப்பட்டபோது, உமது குதிரை இதைவிடப் பெறுமே என்று விற்றவரிடமே சொல்லிச் சொல்லி 800 திர்ஹம் வரை உயர்த்திக் கொடுத்த செய்தி தப்ரானியில் உள்ளது. ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நாயகத்திடம் பைஅத் செய்திருந்தவர் அவர்.

ஆகவே விற்பவர்கள் குறைந்தது இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள். அதற்காக, பழைய வண்டி எல்லாமே 'வின்டேஜ்' என்று மயங்கவும் வேண்டாம். 2021-இல் மத்திய அரசு திருத்திய விதிகளின்படி, முதற்பதிவு ஆகி 50 ஆண்டுகள் கடந்து, அடிச்சட்டமும் உடற்கூடும் இன்ஜினும் பெருமாற்றம் காணாத வண்டிக்கே அந்தத் தகுதி. பதிவெண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும், பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுகளுக்குச் செல்லும், அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டலாகாது. 1990-இல் வாங்கிய மெட்டடார் அந்தக் கணக்கில் வராது. பலகை அடித்துப் படுக்கையாக்கிய வேனுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பதிவுச் சான்றில் உள்ள அமைப்பை அனுமதியின்றி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. கழற்றிய இருக்கைகள் பரணில் இருந்தால் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அதையும் வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும்.

சாலையில் ஓட்டும் எண்ணத்தோடு வாங்குகிறவருக்கு ஆகும் செலவையும் மறைக்கக்கூடாது. சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்கே. அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். காருக்கு 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆனது. 20 ஆண்டுகளைத் தாண்டிய கார்களுக்கு 2025-இல் 10,000 ஆக்கப்பட்டது. தாமதக் கட்டணமும் பசுமை வரியும் இதற்கு மேல். இன்சூரன்ஸ் இல்லாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டிக்காட்டவும் கூடாது. முற்றத்திலேயே காட்டுங்கள், அல்லது கட்டியிழுத்துப் பணிமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

பெயர் மாறும் வரை

பணம் வாங்கியதும் வியாபாரம் முடிந்ததென்று நினைப்பவர்களே அதிகம். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நவீன்குமார் வழக்கில் அளித்த தீர்ப்பை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். ஒருவர் தம் காரை விற்றுவிட்டார். அது பல கை மாறியது. பதிவேட்டில் மட்டும் முதலாமவரின் பெயரே நின்றது. பின்னர் அக்கார் விபத்துக்குள்ளானபோது, நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாளி பதிவேட்டில் பெயருள்ளவரே என்று நீதிமன்றம் கூறிவிட்டது. விற்றுவிட்டேன் என்ற வாதம் செல்லவில்லை.

வாப்பாவின் பெயரிலேயே வண்டி போனால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். எங்கோ ஒருவர் அடிபட்டுக் கிடப்பார். அவருடைய குடும்பம் நஷ்டஈடு கேட்டுத் தேடும் பெயர், கபுரில் இருக்கும் உங்கள் வாப்பாவின் பெயராக இருக்கும். இறந்தவரின் மீது கடன் நிற்பதை நாம் எவ்வளவு அஞ்சுகிறோம்! நாமே ஒரு புதிய கடனை அவர் பெயரில் ஓடவிடலாமா?

வழி எளிதுதான். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் படிவம் 29 கொடுத்து விற்றதைத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் படிவம் 30 கொடுத்துத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குப் போகும் வண்டியானால், இங்குள்ள அலுவலகத்தில் படிவம் 28 மூலம் ஆட்சேபனையில்லாச் சான்று பெற வேண்டும். தெரிவிக்கும் கெடு 45 நாட்கள். வங்கிக் கடனில் வாங்கி, கடன் அடைந்த பின்னும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீங்காதிருந்தால் படிவம் 35. கையால் எழுதிய பழைய ஆர்.சி. புத்தகமானால், அதிலுள்ள விவரம் கணினியில் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். ஏற்றப்படாதவரை பெயர்மாற்றம் நகராது. வாங்குபவரே பார்த்துக்கொள்வார் என்று வெற்றுப் படிவங்களில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

ஓட்டத் தகுதியற்ற வண்டியானால், அரசு பதிவுபெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்துச் சான்று வாங்குவதற்கும் 2021 முதல் விதிகள் உள்ளன. உள்ளூர் இரும்புக் கடைக்குக் கொடுத்துவிட்டு ஆர்.சி.யை அலமாரியில் வைத்திருப்பது, இறந்த ஆளுக்கு ரேஷன் வாங்குவது போன்றதுதான். பதிவை ரத்துசெய்ய வேண்டும்.

முன்னே சொன்ன சகோதரியின் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய காக்கா கெட்ட மனிதர் அல்லர். யாரும் எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஜமாஅத்துப் பெரியவர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு போய்ப் பேசினோம். கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியதும் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு உள்ளே போய்ப் பணத்தை எடுத்துவந்து உம்மாவின் கையில் கொடுத்தார். வேன் வாங்கியவரிடமும் அவரே போய், வாரிசுகளின் பெயருக்கு மாற்றிய பிறகு முறைப்படி எழுதித் தருவதாகச் சொன்னார். பின்சக்கர பிரேக் பிடிப்பதில்லை என்பதையும் அப்போதுதான் சொல்லியிருக்கிறார். வாங்கியவர் விலையில் 3,000 ரூபாய் குறைக்கச் சொல்லி, குறைத்துக்கொண்டார். அதற்கேற்பப் பங்குகளை மறுபடியும் கணக்கிட வேண்டியதாயிற்று.

வண்டியை ஒப்படைக்குமுன் அதன் உள்ளறைகளைத் தேடச் சொல்லியிருந்தேன். வண்டியோடு பொருத்தப்பட்டது விற்பனையில் அடங்கும். தனியே கிடப்பது பேசினால்தான் அடங்கும். ஜாக்கியும் ஸ்டெப்னியும் சேர்த்தே பேசப்பட்டிருந்தன. டாஷ்போர்டுக்குள் ஒரு தஸ்பீஹும், மூக்குக்கண்ணாடியும், ரியால் நோட்டுகள் சிலவும், ஏர்வாடிக்குப் போன வழியில் டீசல் அடித்த ரசீதும் கிடைத்தன. ரியாலை மாற்றிப் பங்கில் சேர்த்தார்கள். கண்ணாடியை உம்மா கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.